முழு விலைக்கு ஒரு பில்

எங்கள் பீர்க்கன்கரணையில் கல்யாணச் சீரோடு கடை பில்லையும் சேர்த்து வைப்பார்கள். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். வாஷிங் மெஷினைப் பிளாஸ்டிக் உறையோடு மண்டபத்து வாசலில் நிறுத்தி, அதன் தலையில் பில்லை செலோடேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். விருந்தாளிகள் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் அதைக் குனிந்து படிப்பார்கள். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள், அல்லது புருவத்தை உயர்த்துவார்கள். ஏரித் தண்ணீரில் நெல் போட்ட காலத்தில் இந்தப் பழக்கம் கிடையாதாம். வயலை எல்லாம் ஃப்ளாட் கட்டுகிறவர்களுக்கு விற்ற பிறகு வந்தது. திடீரென்று காசு பார்த்தவர்களுக்கு, காசு இருக்கிறது என்பதை அடுத்த வீட்டுக்காரன் வந்து சொன்னால்தான் தூக்கம் வரும்.

என் அப்பா பொன்னுரங்கம் இந்த விஷயத்தில் ஊருக்கே முன்னோடி. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. கதவில் கம்பெனி ஒட்டிய காகிதம் இன்னும் இருக்கிறது. அதைக் கிழிக்கப் போன என் அம்மா தையல்நாயகி வாங்கிய திட்டு இப்போதும் என் காதில் கேட்கிறது. நிலம் விற்ற பணத்தில் பெரும்பகுதி அப்பா செய்த ரியல் எஸ்டேட் தரகில் கரைந்துபோனது. அது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய முழுநேர வேலை.

2007இல் எனக்கு வெற்றிவேலை நிச்சயம் செய்தார்கள். படப்பையில் கம்பியும் சிமெண்டும் விற்கும் ஏகாம்பரத்தின் மகன். அவனுக்கும் நாவலூரில்தான் வேலை, எனக்கும் நாவலூரில்தான் வேலை, வேறு வேறு கம்பெனி. ஆள் பார்க்க நன்றாக இருந்தான். போனில் பேசினால் பாதி நேரம் தன் மேனேஜரைப் பற்றியே பேசுவான். போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலை போட்டுக்கொண்டே ஏகாம்பரம் ஆரம்பித்தார்.

"நாங்க எதுவும் கேக்க மாட்டோம் சம்பந்தி. அது எங்க பரம்பரைலயே கெடயாது."

எதுவும் கேட்க மாட்டோம் என்று ஆரம்பிப்பவர்கள் கேட்பதுபோல வேறு யாரும் கேட்பதில்லை.

"பையன் ஆபீஸ்ல பெரிய ஆளுங்கல்லாம் சுவிஸ் வாட்ச் கட்டிகினு வர்றாங்களாம். இவன் மட்டும் வெறுங்கையா போறான். பாவமா கீது. அதான், சும்மா சொன்னேன்."

"அவ்ளோதானே?" என்றார் அப்பா. "வாட்ச்சு வெளிநாட்லேர்ந்தே வரும் சம்பந்தி. பில்லோட வரும்."

அடுத்த நாள் தி.நகரில் ஒரு ஷோரூமுக்குப் போய் விலை கேட்டுவிட்டு வந்தவர், சட்டையைக் கழற்றாமல் ஃபேனுக்குக் கீழே படுத்துவிட்டார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

அவரை எழுப்பியது பெருங்களத்தூரில் முஸ்தபா நடத்தும் பிரவுசிங் சென்டர். வெளிநாட்டுக்காரர்கள் பழைய சாமான்களை இன்டர்நெட்டில் விற்கிறார்கள், தபாலில் வீட்டுக்கே வந்துவிடும் என்று யாரோ சொல்ல, அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார். என்னை எதற்கு என்றால், வீட்டில் கிரெடிட் கார்டு என்னிடம்தான் இருந்தது. முஸ்தபா தேடித்தேடி இங்கிலாந்தில் ஒரு வாட்ச்சைப் பிடித்தான். அப்பா கேட்ட அதே கம்பெனி, அதே மாடல், ஷோரூம் விலையில் நாலில் ஒரு பங்கு.

"ஏன் இவ்ளோ கம்மி?" என்றேன்.

முஸ்தபா அடுத்த போட்டோவைத் திறந்து காட்டினான். வாட்ச்சின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் செதுக்கியிருந்தது. 'ஹரால்டுக்கு. முப்பத்தொரு வருஷம் கூட வேலை செய்த நண்பர்கள், அச்சுக்கூடம்.' வேறொருவன் பேர் போட்ட வாட்ச்சை யார் வாங்குவார்கள்? அதுதான் விலை இறங்கிக் கிடந்தது.

"அப்பா, இது பழசு. பின்னாடி யாரோ பேர் வேற இருக்கு."

"பின்பக்கத்த எவன் திருப்பிப் பாக்கப்போறான்? தாம்பரத்துல குடுத்தா அரை மணி நேரத்துல தேச்சிக் குடுத்துருவான். நீ கார்ட எடு."

கார்டை எடுத்தேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்பாவுக்குச் சீர்த்தட்டு ஞாபகம் வந்துவிட்டது. தட்டில் வாட்ச் இருந்தால் போதுமா, பில் வேண்டாமா? விற்கிறவனுக்கு ஒரு மெயில் போடச் சொன்னார். வாட்ச்சை நன்றாகத் துடைத்து, புதுப் பெட்டியில் வைத்து, இன்றைய ஷோரூம் விலைக்கு ஒரு பில் எழுதி உள்ளே வைக்க வேண்டும். பார்சலின் மேலேயும் அதே விலையைத்தான் எழுத வேண்டும்.

முஸ்தபா டைப் அடித்தான். மறுநாளே பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு முஸ்தபா தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, அவன் சரின்றான். ஆனா அவ்ளோ விலை போட்டா உங்க ஊர்ல டியூட்டி நிறைய போடுவாங்களே, பரவால்லையான்னு கேக்கறான்."

"அத்த அவன் இன்னாத்துக்குக் கேக்கறான்? நம்மள இன்னா பிச்சக்காரன்னு நெனச்சிகினானா? பரவால்லன்னு போடு."

இங்கிலாந்தில் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஒரு ஆளிடம்கூட என் அப்பாவுக்குக் கௌரவம் பார்க்கத் தோன்றியது. அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தால் எனக்குக் கூசுகிறது. நாலில் ஒரு பங்கு விலைக்கு வாங்கி, முழு விலைக்கு வரி கட்டத் தயாராக இருக்கும் ஜாதி எது என்று தேடிப் பார்த்திருப்பார்.

மூன்று வாரத்தில் தபால்காரர் ஒரு கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பார்சல் சென்னையில் சுங்கத்தில் நிற்கிறது, அடையாள அட்டையோடு வந்து வரியைக் கட்டி எடுத்துக்கொள்ளவும். வாட்ச்சுக்கு நாங்கள் கொடுத்த காசுக்குக் கிட்டத்தட்ட சமமாக வரி போட்டிருந்தது. அப்பா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"அந்த வண்டிக்கு வெச்சிருக்கியே," என்றார்.

அது என் ஸ்கூட்டிக்கான பணம். இரண்டு வருஷமாக மாசா மாசம் ஒதுக்கிச் சேர்த்தது. தாம்பரத்து ஷோரூமில் முன்பணம் கட்டிப் புக் செய்திருந்தேன், வண்டி அந்த வாரம் கைக்கு வர வேண்டியது. கல்யாணம் ஆனால் நான் படப்பையிலிருந்து நாவலூருக்குப் போக வேண்டும். ஒரு பஸ்ஸில் தாம்பரம், அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. வெற்றிவேலுக்கு பைக் உண்டு. என்னையும் இறக்கிவிடுவாயா என்று ஒருமுறை கேட்டதற்கு, "டைமிங் ஒத்துவராது, நீ வேணா வேலைய விட்டுடேன்," என்றான். என் கையில் இருந்த ஒரே பிடி அந்த ஸ்கூட்டி. அது போனால் வேலை போகும், வேலை போனால் நான் ஏகாம்பரம் வீட்டு அடுப்படியோடு சரி.

"பழசுன்னு சொல்லி, உண்மையா குடுத்த விலையக் காட்டினா வரி கொறஞ்சிடும்பா. பாங்க் ஸ்டேட்மென்ட் என்கிட்ட இருக்கு."

"பழசுன்னு எழுதிக் குடுக்கறதா? சம்பந்தி காதுல விழுந்தா?"

"அவருக்கு எப்படித் தெரியும்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். அவள் சுவரைப் பார்த்தால் அப்பா ஏதோ செய்துவிட்டார் என்று அர்த்தம். கார்டு வந்த அரை மணி நேரத்தில் அவர் படப்பைக்குப் போன் போட்டிருக்கிறார். 'கஸ்டம்ஸ்லயே புட்ச்சி நிறுத்திட்டாங்க சம்பந்தி, அவ்ளோ காஸ்ட்லி ஐட்டம்' என்று பெருமை அடித்திருக்கிறார். ஏகாம்பரம் உடனே, 'அங்க நம்மாளு கீறாரு. நானே வர்றேன், ஒரு பைசா கட்டாம எடுத்துரலாம்' என்றிருக்கிறார்.

இரண்டு பேரும் எப்படித்தான் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்களோ. கல்யாணத் தரகருக்குத் தனியாகக் காசு கொடுத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். பெருங்களத்தூரில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் வரைக்கும் போனோம். ஏகாம்பரம் வெள்ளை வேட்டி சட்டையில், நாலு விரலில் மோதிரத்தோடு வந்திருந்தார். வழி நெடுக தனக்குத் தெரிந்த அதிகாரிகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினார். பார்சலை யார் எடுக்கலாம் என்று கேட்டு இருவரும் என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்சல் என் பேருக்கு வந்திருந்தது. கிரெடிட் கார்டு என்னுடையதல்லவா?

தபால் கட்டடத்தில் நுழைந்ததும் ஏகாம்பரம் வாசல் காவலாளியிடம், "கஜபதி சாரைப் பாக்கணும், படப்பை ஏகாம்பரம்னு சொல்லு," என்றார்.

"அவரு ரிட்டயர்டு ஆயி மூணு வருஷம் ஆச்சு சார்."

ஏகாம்பரம் கொஞ்சமும் அசரவில்லை. "ஓ, என்னாண்ட சொல்லவே இல்லையே," என்றார், ரிட்டயர் ஆனது கஜபதியின் குற்றம் என்பதுபோல. அப்புறம் விசாரித்ததில், கஜபதி சார் எப்போதோ இவரிடம் இரண்டு லோடு சிமெண்ட் வாங்கியவர் என்று தெரிந்தது. அவ்வளவுதான் நம்மாளு.

வரிசையில் நின்றோம். கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் அடையாள அட்டையைப் பார்த்தார், பார்சலை வரவழைத்தார், எங்கள் முன்னால் பிரித்தார். பெட்டி பளபளவென்று இருந்தது. உள்ளே வாட்ச், அதன் கீழே மடித்து வைத்த பில். இங்கிலாந்துக்காரர் சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார்.

"பில் படிதான் வேல்யூ எடுத்திருக்கோம்," என்றார் அந்த அம்மாள். "இது புதுசுதானா?"

"புச்சு மேடம். பிராண்ட் நியூ," என்றார் அப்பா.

"அப்ப கார்டுல போட்டிருக்கிற தொகைதான். யார் கட்டறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். ஏகாம்பரம் கூரையைப் பார்த்தார். ஒரு பைசா கட்டாமல் எடுக்க வந்தவர் அவர்.

"கட்டிடும்மா," என்றார் அப்பா, மெதுவாக. குரலில் கெஞ்சல் இருந்தது. ஒரு கணம் எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. உடனே, "வண்டி இன்னா, எப்ப வேணாலும் வாங்கிக்கலாம். மானம் போனா வருமா?" என்றும் சேர்த்துக்கொண்டார். பாவம் போய்விட்டது.

நான் பெட்டியிலிருந்து வாட்ச்சை எடுத்தேன். திருப்பினேன். கவுன்டர் மேல் முதுகு தெரிகிற மாதிரி வைத்தேன்.

"இது பழசு மேடம். இதோ முதல் சொந்தக்காரர் பேர். நாங்க குடுத்த விலை இது," என்று பாங்க் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் வைத்தேன்.

ஏகாம்பரம் குனிந்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் கழுத்து சிவந்ததைப் பார்த்து, இதோ ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லப்போனால் அதை எதிர்பார்த்துதான் நின்றேன். ஒரு சண்டை வந்தால் எல்லாம் ஒரேயடியாக முடிந்துவிடும்.

சண்டை வரவில்லை. அவர் அப்பாவின் தோளைப் பிடித்துத் தூண் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேர் முகத்திலும் நிம்மதி.

"பாரும்மா," என்றார் ஏகாம்பரம். "பழசோ புச்சோ, அது நம்ம குடும்பத்துக்குள்ள. உங்கப்பாவோட கஷ்டம் எனக்குப் புரியுது. நீ அந்த டூட்டிய முழுசா கட்டிடு. ரசீது வாங்கு. பில்லுக்கு மேல அந்த ரசீதையும் வெச்சா, கவர்மென்ட்டே புச்சுன்னு ஒத்துகினு காசு வாங்கின மாதிரி. எவன் கேள்வி கேப்பான்?"

"பாத்தியா, சம்பந்திக்கு எவ்ளோ பெரிய மனசு," என்றார் அப்பா. கண் கலங்கியிருந்தது.

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒருவர் ஏமாற்ற வந்தவர், இன்னொருவர் ஏமாற வேண்டியவர். இப்போது இருவரும் கூட்டு. இல்லாத விலைக்கு, இருக்கிற வரியை, என் ஸ்கூட்டிப் பணத்தில் கட்டி, அந்த ரசீதைத் தட்டில் வைத்துப் படப்பைக்கும் பீர்க்கன்கரணைக்கும் காட்ட வேண்டுமாம். அரசாங்கத்தை ஏமாற்றி வரியைக் குறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அரசாங்கத்தைக் கெஞ்சி வரியைக் கூட்டிக்கொள்பவர்களை அன்றுதான் பார்த்தேன். அருவருப்பாக இருந்தது. இவர்களுக்கு நடுவில் நான் ஒரு பொண்ணு என்பதே இவர்கள் கணக்கில் இல்லை. நான் ஒரு கிரெடிட் கார்டு, அவ்வளவுதான்.

"நீங்க சொல்லுங்க," என்றார் கவுன்டர் அம்மாள் என்னிடம். "பார்சல் உங்க பேர்ல இருக்கு. அவங்க சொல்றத நான் கேக்க முடியாது."

"பழசு மேடம்."

"எழுதிக் குடுங்க. இந்த மாதிரி பொய் பில் வைக்கச் சொல்லி இன்னொரு தடவை வராதீங்க. அபராதம் போடவேண்டி வரும்."

எழுதிக் கொடுத்தேன். வரி பாதிக்கும் கீழே இறங்கியது. ஸ்கூட்டிப் பணத்தைத் தொடாமல் அந்த மாசச் சம்பளத்திலேயே கட்டினேன். அவர் பெட்டியைத் தள்ளினார். அப்பா கை நீட்டுவதற்குள் நான் வாட்ச்சை எடுத்து என் கையில் மாட்டிக்கொண்டேன். ஆம்பிளை வாட்ச், முழங்கை வரைக்கும் நழுவியது.

ஏகாம்பரத்துக்கு இப்போதுதான் கோபம் வந்தது.

"பழசுன்னு எழுதிக் குடுத்தத என் புள்ள கட்ட மாட்டான்."

"வேணாம் மாமா. நான் கட்டிக்கறேன்."

எழுதிக் கொடுக்காத பழசைக் கட்டியிருப்பான் என்பதை அவரே சொல்லிவிட்டார். அது அவருக்குப் புரியவில்லை.

திரும்பி வரும்போது ஏகாம்பரம் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பல்லாவரம் வரைக்கும் பெருமூச்சு விட்டார். குரோம்பேட்டையில், "ஊர்ல இன்னா சொல்லுவாங்களோ," என்றார். தாம்பரத்தில் இறங்கிவிட்டேன். எங்கே போகிறாய் என்றுகூட அவர் கேட்கவில்லை.

ஷோரூமில் மீதிப் பணத்தைக் கட்டினேன். கடைப் பையன் உள்ளேயிருந்து என் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது போன் அடித்தது. வெற்றிவேல்.

"அப்பா செம கோவத்துல இருக்கார்," என்றான். "நீ கவலைப்படாத, நான் சமாதானம் பண்ணிடறேன்."

இவனாவது வேறு மாதிரி என்று ஒரு நிமிஷம் நம்பினேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

"ஆனா ஒண்ணு பண்ணு ஜெயஸ்ரீ. பின்னாடி இருக்கிற பேர மட்டும் தேச்சு எடுத்துடு. யாருக்கும் தெரியாம என்கிட்ட குடுத்துடு. மாமனார் வாட்ச் வாங்கித் தர்றார்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மேனேஜர் மாடல் பேர் கூட கேட்டுட்டார். இப்ப இல்லைன்னா என் இமேஜ் என்ன ஆகும்?"

நான் வாட்ச்சைக் கையிலிருந்து உருவித் திருப்பி ஹரால்டின் பேரைப் பார்த்தேன். நன்றாக ஆழமாகச் செதுக்கியிருந்தார்கள்.

"இந்த ஆள் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து இதை வாங்கியிருக்கார்," என்றேன். "நீங்க என்ன பண்ணீங்க?"

அவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கோபம்கூடப் படவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான்.

"என்ன கேள்வி இது? நான் மாப்பிள்ளை இல்லையா?"

"இல்ல," என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கடைப் பையன் சீட்டைத் தட்டிக்கொண்டு நின்றான்.

"மேடம், இந்தப் பிளாஸ்டிக் அப்படியே இருக்கட்டுமா? உங்க ஊர்க்காரங்க யாரும் எடுக்க வுட மாட்டாங்க."

"கிழிச்சிடு," என்றேன்.